சத்தத்தைக் கூட்டினால் தெளிவு கூடுமா?

மக்களே, ரொம்ப நாள் கழித்து ஒரு டெக்னிக்கல் பதிவு. பயப்படாமல் படியுங்கள் :-)

ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கும் சீனியர் அண்ணன் ஒருவரிடம் கையடக்க ஸ்கேனர் ஒன்றைப் பார்த்தேன். (போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்பது குற்றம். நாங்கள் கேட்டது 144-146 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் பேசுவதை!) டிஜிட்டலில் ஒருவர் காதைப் பிளக்கிறார், அடுத்தவர் கிணற்றுக்குள் இருந்து முனகுகிறார். நான் மெனுவுக்குள் போய் 'டிஜிட்டல் ஆடியோ கெயின்' என்பதை உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன். முனகியவர் நன்றாகக் கேட்டார். ஆனால் சத்தமாகப் பேசியவர் கரகரவென்று ஒரு வார்த்தை புரியவில்லை.

"தம்பி, இது வால்யூம் இல்ல" என்று சிரித்தார் அண்ணன்.

விஷயம் இதுதான். வால்யூம் என்பது ஸ்பீக்கருக்குப் போகும் கடைசி வேலை. டிஜிட்டல் கெயின் அதற்கு முன்பே, குரலை எண்களாக வைத்திருக்கும்போதே பெருக்கிவிடுகிறது. 6 டெசிபல் கூட்டினால் எண் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 16 பிட்டில் அதிகபட்சம் 32,767 தான். 20,000 இருக்கும் இடத்தை இரட்டித்தால் 40,000க்கு எங்கே போவது? அலையின் தலை வெட்டுப்படும். இதற்குப் பெயர் கிளிப்பிங். அப்புறம் வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பி வராது. சிக்னலே சரியாக வராமல் விட்டுப்போன வார்த்தையையும் கெயின் கொண்டுவராது.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்கிறீர்களா? 2018 நவம்பர் 16, கஜா புயலை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஆலங்குடிப் பக்கம் கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. அப்படி ஒரு நாளில் கையில் மிஞ்சுவது பேட்டரி ரேடியோதான். "வடகாடு" என்றாரா, "வடக்குத் தெரு" என்றாரா என்று புரியாவிட்டால் ஆம்புலன்ஸ் எங்கே போகும்?

அதனால் என் கருத்து: பேரிடர் தன்னார்வலர்களுக்குக் கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, கெயின் வைக்கவும் கற்றுத்தர வேண்டும். இருப்பதிலேயே சத்தமாகப் பேசுபவரை வைத்து, அவர் குரல் உடையாத அளவில் கெயினை நிறுத்துங்கள். மிச்சத்தை வால்யூம் பார்த்துக்கொள்ளும். பேசுபவரும் மைக்கைக் கடிக்காமல், எட்டவும் பிடிக்காமல், ஒரே தூரத்தில் வைத்துப் பேசினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

சத்தம் வேறு, தெளிவு வேறு. நம்ம ஊர் கல்யாண வீட்டு மைக்செட்காரர்களுக்கும் இதை யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும் :-)