கரண்டி பிடிக்கும் கையில் துப்பாக்கி

படை என்றதும் நம் கண்முன் நிற்பவர் துப்பாக்கி ஏந்திய வீரரே. ஆனால் அவருக்கு உணவு சமைப்பவரும், வண்டிகளைப் பழுது பார்ப்பவரும், கிடங்கில் கணக்கு எழுதுபவரும் அதே சீருடையைத்தான் அணிகின்றனர். பெண்கள் பலர் இத்தகைய பணிகளிலேயே சேர்ந்து வந்துள்ளனர். இவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி எவ்வளவு தேவை? "போர்முனைக்குப் போகாதவர்தானே, பெயரளவுக்கு இருந்தால் போதும்" என்பார் உண்டு. போதாது என்பதே எங்கள் கருத்து.

2003 மார்ச் 23-ஆம் நாள் ஈராக்கில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கத் தரைப்படையின் 507-ஆம் பராமரிப்புக் கம்பெனி, அதாவது பழுது பார்க்கும் பிரிவு, வழி தவறி நசிரியா நகருக்குள் நுழைந்துவிட்டது. தாக்குதலில் சிக்கிய 33 பேரில் 11 பேர் மாண்டனர். 7 பேர் சிறைப்பட்டனர். சிறைப்பட்ட ஷோஷானா ஜான்சன் சமையற் பணியாளர். 19 வயது ஜெசிக்கா லிஞ்ச் கிடங்கு எழுத்தர். லிஞ்சின் தோழியான லோரி பியஸ்டேவா, இரு குழந்தைகளின் தாய், உயிர் துறந்தார்.

அன்று பலருடைய துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டு சுட மறுத்தன. பாலைவனப் புழுதியில் அவற்றைச் சரிவரத் துடைத்துப் பேணாததே காரணமாக இருக்கலாம் என்று படையின் விசாரணை அறிக்கை கூறிற்று. லிஞ்ச் கடைசிவரை சுட்டுப் போராடினார் என்று செய்தித்தாள்கள் புகழ்ந்தன. அவரோ, தம் துப்பாக்கி அடைத்துக்கொண்டது, ஒரு குண்டும் தாம் சுடவில்லை என்று உண்மையை உரைத்தார். அந்த நேர்மையும் ஒரு வீரமே!

மாண்டவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. உறக்கமும் ஓய்வும் இன்றி நெடுந்தொலைவு வந்தவர்கள் அவர்கள். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் பழக்கத்தைக் கொடுக்கத் தவறியவர்களே பொறுப்பு ஏற்க வேண்டும். அமெரிக்கத் தரைப்படையின் துப்பாக்கித் தேர்வில் 40 இலக்குகளில் 23-ஐ வீழ்த்தினால் தேர்ச்சி. தேர்வுக்கு முந்திய இரவு மட்டும் படித்துத் தேறிய பாடம் எத்தனை நாள் நினைவில் நிற்கும் என்பதை மாணவியராகிய நாம் நன்கு அறிவோம். நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியருள் ஐவரிடம் விளக்கு இருந்தது. வேண்டிய அளவு எண்ணெய்தான் இல்லை. தேர்ச்சிச் சான்று விளக்கு என்றால், நாள்தோறும் துடைத்துப் பேணும் பழக்கமே எண்ணெய். அந்நிகழ்ச்சிக்குப் பின், எப்பணி செய்தாலும் ஒவ்வொருவரும் முதலில் போர்வீரரே என்ற எண்ணத்தோடு அப்படை தன் பயிற்சியை மாற்றி அமைத்தது.

"அன்னை மரியாளின் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பேச்சு எதற்கு?" என்று சிலர் வினவலாம். துப்பாக்கியை நாங்கள் போற்றவில்லை. போரே இல்லாத உலகுக்காகவே தினமும் செபமாலை சொல்கிறோம். ஆயுதமின்றிப் பணியாற்றும் வழியும் படையிலேயே உண்டு. அமெரிக்கப் படையின் ஆன்ம குருக்கள் ஆயுதம் ஏந்துவதில்லை. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையோ, மருத்துவப் பணியாளர் தம்மையும் தம் நோயாளிகளையும் காக்க ஆயுதம் வைத்திருக்க இடம் தருகிறது. இரண்டுமே தெளிவான நிலைகள். கையில் ஆயுதம் இருந்தும் அதைக் கையாளத் தெரியாத இடைநிலையே கொடியது. அது ஏந்தியவரையும் காக்காது. அருகில் இருப்பவரையும் காக்காது. பயிற்சியற்ற கை, அச்சத்தில் குற்றமற்றவரையும் சுட்டுவிடக்கூடும்.

ஆகவே, ஒரு பெண்ணின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கும் நாடு, அதை எப்போது ஏந்துவது, எப்போது ஏந்தாதிருப்பது என்ற அறிவையும் முழுமையாகக் கொடுக்கட்டும். இயலாதெனில் ஆயுதத்தையே கொடாதிருக்கட்டும். அவள் சமைப்பவளே ஆனாலும், அவளுடைய உயிரும் இறைவன் தந்த உயிரே அன்றோ?