அட்டையைப் பறிப்பதா? அட்டையைப் படிப்பதா?



ஓய்வு நேரத்தில் பள்ளியின் மாடிப்படிக்குக் கீழே ஐந்தாறு மாணவர்கள் வட்டமாகக் குந்தியிருப்பார்கள். நடுவில் வண்ண அட்டைகள் பரப்பப்பட்டிருக்கும். ஆசிரியரின் காலடி ஓசை கேட்டதும் அட்டைகள் காலுறைக்குள் மறைந்துவிடும். ஜொகூரில் மட்டுமன்று, நாடெங்கும் தொடக்கப்பள்ளிகளில் காணக்கூடிய காட்சி இது. போக்கிமோன், யூ-கி-ஓ என்று பெயர்கள் மாறலாம். கட்டொழுங்கு ஆசிரியரின் மேசை அறையில் அட்டைகள் குவிவது மட்டும் மாறுவதில்லை.

"டீச்சர், இந்த அட்டைப் பைத்தியம் எப்போதுதான் தெளியும்?" என்று அண்மையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்த வினாவுக்கு என்னால் இயன்ற விடையே இப்பதிவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அட்டைக்குள் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று விளையாட்டு, மற்றொன்று மூடிய பொட்டலம். முன்னது அறிவு, பின்னது சூது. நாமோ முன்னதைப் பறித்துக்கொண்டு, பின்னதைக் கடையிலிருந்து நம் கையாலேயே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

பிள்ளைகள் இதற்குள் எப்படி நுழைகிறார்கள்?

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவன் தந்தை சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பவர், வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கியிருப்பான். ஜொகூர் பாருவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இத்தகைய குடும்பங்கள் ஏராளம். வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்தத் தந்தை ஒரு பொட்டலம் அட்டை வாங்கி வந்து மகனின் தலையணைக்கு அருகில் வைத்துவிடுவாராம். சனிக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து அதைப் பிரிப்பார்களாம்.

முதலில் அவனுக்கு விளையாடத் தெரியாது. சேர்ப்பதில் மட்டுமே நாட்டம். பிறகு பக்கத்து வீட்டு இடைநிலைப்பள்ளி அண்ணன் ஒருவன் விதிகளைக் கற்றுக்கொடுத்தான். அதன்பின் அவன் நெகிழிப்பை வைத்த கோப்பு வாங்கினான், அட்டைகளை வகைப்படுத்தினான், மாற்றிக்கொள்ள நண்பர்களைத் தேடினான். இதுதான் பெரும்பாலான பிள்ளைகள் செல்லும் வழி. அன்பளிப்பாக வருகிறது; சேமிப்பாக வளர்கிறது; பிறகே விளையாட்டாகிறது.

இதைக் கேட்ட பின்னர் ஓர் அட்டையைப் பிடுங்குவதற்கு முன் என் கை சற்றுத் தயங்குகிறது. நாம் பறிப்பது வெறும் தாளாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா?

ஒரு கணித ஆசிரியர் படைத்த விளையாட்டு

இவ்வகை விளையாட்டுக்கு வித்திட்டவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பித்தவர். அவர் வடிவமைத்த 'மேஜிக்: த கேதரிங்' 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்லாரிடமும் ஒரே சீட்டுக்கட்டு இருக்கும் பழைய முறையை அவர் மாற்றினார். ஒவ்வொருவரும் தத்தம் அட்டைகளைத் தேடிச் சேர்த்துத் தமக்கென ஒரு கட்டினை அமைத்துக்கொண்டு மோத வேண்டும் என்பதே அவர் கண்ட புதுமை. 1996இல் ஜப்பானில் போக்கிமோன் அட்டைகள் பிறந்தன. 1999இல் கொனாமி நிறுவனத்தின் யூ-கி-ஓ அட்டை விளையாட்டு வந்தது. 2011ஆம் ஆண்டுக்குள் யூ-கி-ஓ அட்டைகள் மட்டும் 2,500 கோடிக்கு மேல் விற்றுக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றன.

நம் நாடும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2008 பிப்ரவரியில் 'மேஜிக்' விளையாட்டின் புரோ டூர் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 2005இல், டெரி சோ என்னும் மலேசியர் 'மேஜிக் இன்விடேஷனல்' என்னும் அழைப்புப் போட்டியில் வாகை சூடினார். வென்றவர் ஓர் அட்டையை வடிவமைக்கலாம். அதன் ஓவியத்தில் அவர் முகமும் இடம்பெறும். அதுவே அப்போட்டியின் பரிசு. 'ரக்டோஸ் ஆகர்மேஜ்' என்னும் அட்டையில் இன்றும் அந்த மலேசியரின் முகம் இருக்கிறது. 'உருப்படாத விளையாட்டு' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் இதையும் கருத வேண்டும்.

அட்டைக்குள் இருக்கும் பாடம்

போக்கிமோனில் ஒருவரது கட்டில் சரியாக 60 அட்டைகள் இருக்க வேண்டும். அடிப்படை ஆற்றல் அட்டைகளைத் தவிர்த்து, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் இருத்தல் கூடாது. எதிரியின் தாக்குதல் நம் பலவீனத்தைக் குறிவைத்தால் சேதம் இரு மடங்கு. யூ-கி-ஓவில் ஒவ்வொருவருக்கும் 8000 புள்ளிகள். 3000 வலிமையுள்ள உயிரி 2500 வலிமையுள்ளதைத் தாக்கினால், தோற்றவர் எத்தனை புள்ளிகளை இழப்பார்? கழித்தல் கணக்குத் தாளைக் கண்டதும் கொட்டாவி விடும் பையன், மாடிப்படிக்குக் கீழே இதை நொடியில் மனக்கணக்காகச் சொல்கிறான்!

வாசிப்பைப் பாருங்கள். யூ-கி-ஓ அட்டையில் எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் ஐந்தாறு வரி ஆங்கிலம் இருக்கும். அவ்வரிகளில் 'இஃப்' என்று இருந்தால் ஒரு பொருள். 'வென்' என்று இருந்தால் வேறு பொருள். அந்த ஒரு சொல்லின் வேறுபாட்டால் ஆட்டமே கைமாறும். ஆகவே பிள்ளைகள் சொல் சொல்லாகப் படிக்கிறார்கள், வாதிடுகிறார்கள், மீண்டும் படிக்கிறார்கள். 'உன்னிப்பாக வாசி' என்று நாம் ஆண்டு முழுவதும் தொண்டை வறளச் சொல்வதை, அந்தச் சிறிய அட்டை ஒரு வார்த்தையும் பேசாமல் செய்துவிடுகிறது. காரணம் எளிது. அங்கே வாசித்தால் உடனே பயன் இருக்கிறது.

பொட்டலத்துக்குள் இருக்கும் சூது

இனி மறுபக்கம். என் வயதொத்தவர்களுக்குத் தோட்டத்துக் கடைகளில் தொங்கிய 'திக்காம்' பலகை நினைவிருக்கும். ஐந்து காசோ பத்துக் காசோ கொடுத்து, மடித்து ஒட்டிய தாள்களில் ஒன்றைக் கிழிப்போம். உள்ளே இருக்கும் எண்ணுக்கு ஒரு பரிசு. பெரிய பரிசு பலகையின் உச்சியில் தொங்கிக்கொண்டே இருக்கும். நமக்குக் கிடைப்பதோ ஒரு மிட்டாய். இன்றைய அட்டைப் பொட்டலம் அதே திக்காம்தான். தாள் பளபளக்கிறது, விலை இருபது வெள்ளியை எட்டுகிறது, அவ்வளவே வேறுபாடு.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதன் உண்மை விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தொகுதியில் 50 வகை அட்டைகள் உள்ளன. எல்லாம் சம அளவில் அச்சிடப்பட்டுள்ளன. அட்டை ஒன்றின் விலை 2 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தெரிந்து எடுத்து வாங்கினால் 100 வெள்ளியில் தொகுதி முழுமையாகும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், 50 வகையும் சேரச் சராசரியாக ஏறத்தாழ 225 அட்டைகள் வாங்க வேண்டும். அதாவது 450 வெள்ளி! கடைசி ஓர் அட்டைக்கு மட்டும் சராசரியாக 50 அட்டைகள். நடைமுறையிலோ அரிய அட்டைகளை வேண்டுமென்றே குறைவாக அச்சிடுகிறார்கள். அப்படியானால் செலவு எங்கே போய் நிற்கும்?

இதை வகுப்பில் காட்டுவதும் எளிது. ஆளுக்கொரு தாயக்கட்டை கொடுங்கள். ஆறு முகங்களும் ஒருமுறையாவது விழும்வரை உருட்டி, எத்தனை முறை உருட்டினார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஆறு முறையில் முடிந்துவிடும் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையான சராசரி 14.7. 'இந்த முறை கட்டாயம் விழும்' என்ற எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதை அவர்கள் கையே அவர்களுக்குக் கற்பிக்கும்.

திருக்குறளில் 'சூது' என்றே ஓர் அதிகாரம் உண்டு. முதலில் கிடைக்கும் சிறு வெற்றி தூண்டில் முள் போன்றது என்ற எச்சரிக்கையோடு அது தொடங்குகிறது. இணைய விளையாட்டுகளில் வரும் இத்தகைய மூடிய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. அக்டோபர் 2024இல் வெளிவந்த போக்கிமோன் கைப்பேசிச் செயலி, நாளுக்கு இரண்டு பொட்டலங்களை இலவசமாகப் பிரிக்கவிடுகிறது. இலவசம்தானே என்று விடலாமா? பிரிக்கும் பழக்கம் அல்லவா அங்கே ஊன்றப்படுகிறது!

'பிற்காலத்தில் நல்ல விலை போகும்' என்ற பேச்சும் உண்டு. ஓர் அரிய பிக்காச்சு அட்டை 2021இல் 52 இலட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது உண்மைதான். ஆனால் அது 1990களின் இறுதியில் ஓவியப் போட்டியில் வென்றவர்களுக்கு வழங்கப்பட்ட அட்டை. எந்தக் கடைப் பொட்டலத்திலும் வந்ததன்று. அந்தச் செய்தியைக் காட்டிப் பொட்டலம் விற்பது, குலுக்குச் சீட்டில் வென்றவரின் படத்தைக் கடை வாசலில் மாட்டுவது போன்றது.

மாற்றிக்கொள்வதைத் தடுக்காதீர்கள்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்கண்ட 450 வெள்ளிச் செலவைக் குறைக்கும் வழி எது? நண்பர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதுதான். என்னிடம் மிகுந்திருப்பது உனக்கு. உன்னிடம் மிகுந்திருப்பது எனக்கு. பொட்டலத்தின் சூதை முறியடிப்பதே இந்தப் பரிமாற்றம்தான். பள்ளிகளில் நாம் தடைசெய்வதோ அதைத்தான்! சின்னவர்களைப் பெரியவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பது மெய்யான குறை. அதற்கு விதி வகுக்கலாம். பணம் கைமாறக் கூடாது. ஒரே வயதினருக்குள் மட்டுமே மாற்றம். மறுநாள் வரை மனம் மாறினால் திருப்பிக் கேட்கலாம். வாரத்தில் ஒருநாள், ஓர் ஆசிரியரின் பார்வையில். மறைவில் நடக்கும்போதுதான் ஏமாற்று வளரும்.

தமிழுக்கு ஓர் அட்டை

போக்கிமோன் அட்டைகள் 2019 முதல் இந்தோனேசிய மொழியிலும் தாய்லாந்து மொழியிலும் வருகின்றன. தமிழில்? யாரோ செய்வார்கள் என்று காத்திராமல் என் வகுப்பிலேயே ஒரு சிறு முயற்சி செய்தேன். விரும்புவோர் பின்பற்றலாம்.

என் வகுப்பில் 24 மாணவர்கள். 'செய்யுளும் மொழியணியும்' பகுதியிலிருந்து ஆளுக்கொரு மரபுத்தொடர் கொடுத்தேன். கங்கணம் கட்டுதல், தட்டிக் கழித்தல், கம்பி நீட்டுதல், கரைத்துக் குடித்தல் என இப்படி. ஒவ்வொருவரும் தமக்குரியதைப் படமாக வரைந்து, பொருளை எழுதி, அட்டையாக்கினர். ஏ4 தாளுக்கு 8 அட்டைகள், மூன்று மூலத்தாள்கள், ஒவ்வொன்றும் 24 படிகள். ஆக 72 தாள்களில் வேலை முடிந்தது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் தம் அட்டை 24 இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற 23ஐயும் நண்பர்களிடம் மாற்றித் தொகுதியை முழுமையாக்க வேண்டும். விதி ஒன்றே: எந்த அட்டையைக் கேட்கிறாயோ, அந்த மரபுத்தொடரை வாக்கியத்தில் அமைத்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அட்டை.

கணக்கிட்டுப் பாருங்கள். 24 பேர் தங்களுக்குள் ஒருமுறை மாற்றிக்கொள்ள 276 பரிமாற்றங்கள். பரிமாற்றத்துக்கு இரண்டு வாக்கியம் என்றால் 552 தமிழ் வாக்கியங்கள். எந்தப் பயிற்சித் தாளில் இத்தனை வாக்கியங்களை மகிழ்ச்சியோடு எழுத வைக்க முடியும்? இங்கே அரிய அட்டை என்று ஒன்றில்லை. மூடிய பொட்டலமும் இல்லை. வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளையிடமும் மற்ற 23 பேரும் வந்து நின்றே ஆக வேண்டும். ஏனெனில் அவளிடம் மட்டுமே 'கம்பி நீட்டுதல்' இருக்கிறது!

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

1. பொட்டலம் வாங்குவதைக் குறையுங்கள். வேண்டுமானால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே வாங்கும் ஆயத்தக் கட்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

2. பிள்ளைக்கு விளையாடத் தெரிகிறதா, சேர்க்க மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். சேர்க்க மட்டுமே தெரிந்தால் விதிகளைச் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

3. மாதச் செலவைப் பிள்ளையின் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுத வையுங்கள். நாம் திட்டுவதைவிட அந்தக் கூட்டுத்தொகை நன்றாகப் பேசும்.

4. ஒருமுறையாவது எதிரில் அமர்ந்து விளையாடுங்கள். தோற்றுப்போனாலும் பரவாயில்லை.

நான்காவதே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விடியுமுன் பாலம் கடக்கும் அந்தத் தந்தையிடம் நான் சொன்னதும் இதைத்தான்: "பொட்டலம் வேண்டாங்க. வீட்டில் இருக்கும் அட்டையே போதும். சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து ஆடுங்கள்."

சிந்திப்போம், செயல்படுவோம்.