இரண்டாவது விமானியை இறக்கிவிடக் கூடாது

பயணிகள் விமானத்தை ஒரே விமானி ஓட்டினால் போதாதா என்ற கேள்வி சில ஆண்டுகளாக விமானத் துறையில் வலுத்து வருகிறது. நெடுந்தூரப் பயணத்தின் நடுப்பகுதியில் மட்டும் ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் போய் ஓய்வெடுக்கட்டும் என்பது முதல் படி. புறப்படுவதிலிருந்து இறங்குவது வரை ஒருவரே பார்த்துக்கொள்வது அடுத்த படி. எங்கோ நடக்கும் விவாதம் என்று நாம் இதை விட்டுவிட முடியாது. தெலுக் பங்லிமா காராங்கும் ஜெஞ்சாரோமும் பந்திங்கும் இருக்கும் கோலா லங்காட், சிப்பாங் விமான நிலையத்துக்குப் பக்கத்து மாவட்டம். 2023 ஆகஸ்ட் 17 அன்று ஷா ஆலம் எல்மினாவில் ஒரு சிறு விமானம் விழுந்தபோது மாண்ட பத்துப் பேரில் இருவர் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள். எனவே விமானி அறையில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதில் டிக்கெட் வாங்காதவருக்கும் அக்கறை உண்டு. இருவர் இருக்கத்தான் வேண்டும், அதில் இளையவருக்கு மூத்தவரை மறுத்துப் பேசும் உரிமையும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

துணை விமானி என்றதும், கேப்டனுக்கு உடல்நலம் கெட்டால் விமானத்தை இறக்குவதற்காக உட்கார்ந்திருப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர் கண்காணிக்கிறார். அடுத்த பயணத்தில் இந்தப் பொறுப்புகள் மாறலாம். கட்டுப்பாட்டு மையம் ஓர் உயரத்துக்கு இறங்கச் சொன்னால், கண்காணிப்பவர் அதை வானொலியில் திருப்பிச் சொல்கிறார். ஓட்டுபவர் அந்த எண்ணைக் கருவியில் திருகி வைக்கிறார். பிறகு திரையில் தெரியும் எண்ணை இருவரும் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்கிறார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்த வேலையில்தான் பல உயிர்கள் தங்கியிருக்கின்றன.

அது தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கே சாட்சி. 1989 பிப்ரவரி 19 விடியற்காலை, சிங்கப்பூரிலிருந்து சுபாங் வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டு அதிகாரி. எண்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னபோது முதலில் வந்த ‘டூ’ என்ற ஒலி, இரண்டு என்ற எண்ணாக விமானியின் காதில் விழவில்லை; 400 அடி ‘வரை’ இறங்கச் சொன்னதாகவே பட்டது. அவர் 400 என்று திருப்பிச் சொன்னதை அதிகாரியும் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் 2,400 அடிக்குக் கீழே போகக் கூடாது என்பது வரைபடத்திலேயே இருந்தது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவியும் திரும்பத் திரும்ப அலறியது. யாரும் விமானத்தை மேலே தூக்கவில்லை. பூச்சோங் அருகே கடல் மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் குன்றில் மோதியதில் விமானத்தில் இருந்த நால்வரும் மாண்டார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1977 செப்டம்பர் 27 அன்று, சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 விமானம் எல்மினா தோட்டத்தில் விழுந்து 34 பேர் இறந்தார்கள். ஓடுபாதை கண்ணில் படாமலே கேப்டன் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம். துணை விமானி அவரைத் தடுத்துக் கேட்கவில்லை என்பதையும் விசாரணை சுட்டிக்காட்டியது.

இரண்டு விபத்துகளிலும் விமானி அறையில் ஒருவருக்கு மேல் இருந்தார்களே, கூடுதல் ஆளால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆள் இருந்தால் மட்டும் போதாது. அவர் பேசவும் வேண்டும், பேசுவது காதில் ஏறவும் வேண்டும். 1978இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைடெட் விமானத்தின் கேப்டன் சக்கரக் கோளாற்றிலேயே மூழ்கியிருந்தபோது எரிபொருள் தீர்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை அறிந்த சக ஊழியர்கள் அதை அழுத்திச் சொல்லவில்லை. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு அந்நிறுவனம் 1981இல், கேப்டன் கேட்கவும் இளையவர் துணிந்து சொல்லவும் முறையான பயிற்சியைத் தொடங்கியது. அதன் பலன் 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் அந்நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில் தெரிந்தது. கட்டுப்பாட்டுக்கான எல்லா ஹைட்ராலிக் இணைப்புகளும் அறுந்துபோன அந்த விமானத்தை நால்வர் சேர்ந்து தரைக்குக் கொண்டுவந்தார்கள்; 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். தனி ஒருவரால் அதைச் செய்திருக்க முடியாது என்று அதன் கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் கடைசி வரை சொல்லிவந்தார். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதே என்று வளர்க்கும் நம் வீடுகளும் இதை யோசிக்க வேண்டும். விமானி அறையில் மரியாதை என்பது, தவறு நடக்கும்போது வாயைத் திறப்பதுதான்.

கணினி தவறாகக் கேட்காது, களைப்படையாது என்பது அடுத்த வாதம். பாதி உண்மை இது. தானியங்கிக் கருவிகள் விமானப் பயணத்தைப் பெரிதும் பாதுகாப்பாக்கியிருக்கின்றன. ஆனால் பூச்சோங்கில் கருவி சரியாகத்தான் எச்சரித்தது. அதை மதித்துச் செயல்பட ஆள் இல்லை. கருவியே தவறிய கதையும் உண்டு. 2018 அக்டோபர் 28 இரவு பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் போயிங் 737 மேக்ஸில், பழுதான உணரியை நம்பிய மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. அன்று விமானி அறையில் மூன்றாவதாக இன்னொரு விமானியும் இருந்தார். அவர்கள் மூக்கை ஏற்றி இறக்கும் மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, அந்த வேலைக்கான கைச் சக்கரத்தைச் சுழற்றியே ஜகார்த்தா சேர்ந்தார்கள். மறுநாள் காலை அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். மூன்றாமவர் இருந்ததால் மட்டும் முதல் விமானம் தப்பியது என்று நான் சொல்லவில்லை. இருவர் திணறும்போது நிதானமாகப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இருப்பது எவ்வளவு மதிப்புள்ளது என்பதை அந்த இரவு காட்டுகிறது.

செலவு, ஆள் பற்றாக்குறை என்ற இரு வாதங்கள் மிஞ்சுகின்றன. துணை விமானியின் சம்பளத்தை 180 இருக்கை கொண்ட ஏ320இன் பயணிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு விழுவது சிறு தொகைதான். பற்றாக்குறை என்றால், கேப்டன்கள் உருவாவதே துணை விமானி அமரும் வலது இருக்கையில்தான். கேப்டனாக வேண்டியவர் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்கிறது உலக விதி. அந்த மணிகளுக்குள் புயல் மேகத்தைச் சுற்றிப் போவதையும், இறங்காமல் மறுபடி மேலேறும் முடிவையும் மூத்தவர் பக்கத்தில் இருந்து கற்கிறார் இளையவர். அந்த இருக்கையை எடுத்துவிட்டால் நாளைய தனி விமானி எங்கே படிப்பார்? 2015இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் தனியாக விடப்பட்ட துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு மலையில் மோத வைத்து 150 உயிர்களைப் பறித்ததும் நினைவிருக்கட்டும். பயணத்தின் நடுவில் ஒருவர் போதும் என்ற யோசனையை ஆராய்ந்த ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, இன்றைய விமானி அறைகளில் இருவர் தரும் பாதுகாப்புக்கு அது ஈடாகும் என்று போதிய அளவு நிறுவ முடியாது என்றே 2025இல் முடிவுக்கு வந்தது.

மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் இதில் மற்ற நாடுகளின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பூச்சோங்கும் எல்மினாவும் நம் மண்ணில் கிடைத்த பாடங்கள். அனைத்துலக அரங்கில் இருவர் விதியை உறுதியாக ஆதரிப்பதும், உள்நாட்டில் துணை விமானி கேப்டனைத் திருத்தினால் அவர் வேலைக்கு ஆபத்து வராது என்ற உத்தரவாதத்தைச் சட்டமாக்குவதும் ஆணையத்தின் கடமை. பயணிகளாகிய நாம் மலிவு டிக்கெட்டைத் தேடுவது தவறில்லை. ஆனால் எதைக் குறைத்து அந்த விலை வருகிறது என்று கேட்கவும் வேண்டும். இருக்கையைக் குறுக்கட்டும், சாப்பாட்டுக்குத் தனிக் காசு வாங்கட்டும். கேப்டனைப் பார்த்து “உயரம் தவறு” என்று சொல்லும் குரலை மட்டும் குறைக்க விடக் கூடாது.