தண்ணீருக்கு அஞ்சும் இமைகள்

பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டைகளை நம்பி இன்று பல்லாயிரம் இளம்பெண்கள் வாழ்கின்றனர். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். நம் சமுதாயப் பிள்ளைகளும் இந்த ஆலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். சொந்தச் சம்பளம் கைக்கு வந்ததும் சிறிய அலங்காரங்களில் ஆசை பிறப்பது இயல்பே. பியூட்டி பார்லரில் செயற்கை இமைமுடி ஒட்டிக்கொள்ளும் ‘ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்’ அவற்றுள் ஒன்று.

இது குறித்து எம்மிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இதை வைத்துக்கொண்டு ஒளு கூடுமா?” ‘கூடாது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நாமும் முடித்துக்கொள்கிறோம். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணின் கண்ணைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மஸ்அலாவையும் கண் நலத்தையும் சேர்த்தே சொல்வதுதான் முறை என்பது என் கருத்து. இரண்டும் தண்ணீர் என்ற ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன.

முதலில் மார்க்கத்தின் நிலை. முடியோடு வேறு முடியை இணைப்பதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். அதனடிப்படையில் உலமாக்கள் பலரும் இதைத் தடுக்கின்றனர். அடுத்து, ஒளுவில் முகம் கழுவும்போது இமைமுடியும் அதன் அடித்தோலும் நனைய வேண்டும். கண்ணோரத்தில் பீளை உலர்ந்து ஒட்டியிருந்தால் அதையும் நீக்கித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் நுணுக்கமாகப் பேசுகின்றன. பீளைக்கே இந்தச் சட்டம் என்றால், முடியைச் சுற்றி இறுகிய பசையை எப்படி விட்டுவிட முடியும்? “தொழுகை இல்லாத நாள்களில் மட்டும் ஒட்டிக்கொள்ளலாமே” என்பாரும் உளர். அன்றன்றே கழற்றும் பட்டை இமைக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். எக்ஸ்டென்ஷன் அப்படியன்று. அது ஒவ்வொரு முடியிலும் தனித்தனியே ஒட்டப்பட்டு வாரக்கணக்கில் நிற்பது. கடமையான குளிப்பின்போதும் கண்ணிலேயே இருக்கும்.

இனி மருத்துவத்தின் நிலை. இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. கண்ணீர் விரைந்து உலராமல் காப்பது அவை சுரக்கும் எண்ணெயே. முடியின் அடியில் அழுக்கும் எண்ணெயும் ஒப்பனைப் பொருளும் சேர்ந்தால் கிருமிகளும், டெமோடெக்ஸ் எனும் கண்ணுக்குத் தெரியாத நுண்சிலந்திகளும் பெருகும். இமையோரம் சிவந்து, அரித்து, பொடுகு போல் செதில் உதிரும். ‘பிளெஃபரைடிஸ்’ எனப்படும் இமை அழற்சி இதுவே. ஒட்டும் பசை சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தது; அது சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

தண்ணீர் பட்டால் ஒட்டிய முடி உதிர்ந்துவிடும் என்ற அச்சத்தில் இமையைக் கழுவாமல் விடுவதுதான் இதில் பெருங்கேடு. நாளுக்கு ஐந்து முறை நனைய வேண்டிய இடம் வாரக்கணக்கில் உலர்ந்து கிடக்கிறது. நீண்ட இமை கண்ணைக் காக்கும் என்ற எண்ணமும் சரியன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளமே இமைமுடிக்கு உகந்த அளவு என்று கண்டனர். அதற்கு மேல் நீண்டால் காற்று கண்ணை நோக்கித் திருப்பப்பட்டு, ஈரம் விரைந்து உலர்கிறது. இறைவன் வைத்த அளவில் எவ்வளவு ஹிக்மத்! குளிரூட்டிய கூடத்தில் நுண்ணிய பாகங்களை உற்றுநோக்கி வேலை செய்யும் பெண்ணுக்கு இமைத்தலும் குறைந்துவிடும். அவளுக்கு இந்த உலர்ச்சி இரட்டைச் சுமை.

ஒட்டிக்கொண்ட சகோதரிக்குச் சொல்ல வேண்டியவை இவை. பார்லரிலேயே முறைப்படி அகற்றச் சொல்லுங்கள். நீங்களாகப் பிய்த்தால் சொந்த முடியும் வேரோடு வரும். அகற்றும் வரை நாள்தோறும் இமையைக் கழுவுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவி, காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, இமைக்கென விற்கும் எண்ணெயற்ற நுரையால் முடியின் அடியை மென்மையாகத் துடைத்து, தண்ணீரில் அலசி, தூய துணியால் ஒற்றி எடுங்கள். அறைத்தோழியின் மஸ்காராவையோ பிரஷையோ வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். வலி, சீழ், வெளிச்சத்தைக் காணக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கண்ணழுத்தம் உயரக்கூடும். 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை ஏழை எளியோருக்கும் திறந்தே இருக்கிறது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளைக் கண்டிக்கும் நம் வீடுகளில் பெயரும் முகவரியும் இல்லாத சுர்மா டப்பாக்கள் இல்லையா? நபி (ஸல்) அவர்கள் இஸ்மித் சுர்மாவைப் பரிந்துரைத்தார்கள். இன்று அப்பெயரில் விற்பனையாகும் பொடிகள் பலவற்றில் இருப்பதோ ஈய சல்ஃபைடு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. சுன்னத்தின் பெயரால் பச்சிளங்குழந்தையின் கண்ணில் அதைத் தீட்டிவிட்டு, மகளின் இமைமுடியை மட்டும் கண்டிப்பது நீதியாகாது.

கண் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒளுவின்போது நபி (ஸல்) அவர்கள் கண்ணின் ஓரங்களையும் தடவிக் கழுவியதாக அறிவிப்பு உண்டு. ‘ஹராம்’ என்று கூறும் நாவு அந்தச் சுன்னத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கட்டும். கேள்வி கேட்டு வரும் பெண் பிள்ளை தலை குனிந்து திரும்பாமல், தன் கண்ணைப் பேணும் வழியையும் அறிந்து செல்லட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் பார்வையையும் நம் சொல்லின் கனிவையும் பாதுகாப்பானாக.