லெகோ சினிமா கேம்கள்: 20 ஆண்டுகளாக ஜெயிப்பது எப்படி? சறுக்கியது எங்கே? குழந்தைக்கு எதை முதலில் தரலாம்?

டார்த் வேடர்தான் தன் அப்பா என்று லூக் ஸ்கைவாக்கருக்குத் தெரியவரும் காட்சியை ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் மறக்கவே மாட்டார்கள். 2006-ல் வந்த லெகோ ஸ்டார் வார்ஸ் 2 கேமிலும் அதே காட்சி உண்டு. ஆனால், அதில் வேடர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஒரு போட்டோவை எடுத்து நீட்டுகிறார். அதில் வேடரின் பழைய முகமும், பக்கத்தில் பத்மேவும். லூக்கின் பிளாஸ்டிக் முகம் அப்படியே மாறிப்போகிறது. அவ்வளவுதான் காட்சி.

படத்தில் நெஞ்சைப் பிசையும் அந்த இடம், இங்கே சிரிப்பை வரவழைக்கிறது. கதை தெரியாத ஆறு வயதுக் குழந்தைக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. 2005-ல் தொடங்கி இன்றுவரை லெகோ சினிமா கேம்கள் ஓடுவதற்கான காரணம் அந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. இந்த வரிசை பின்னாளில் எங்கே தடுமாறியது என்பதையும் அதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

எப்படித் தொடங்கியது?

டென்மார்க்கின் பில்லுண்ட் நகரில் 1932-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் லெகோ. ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்தான் அதன் அடையாளம். 1999-ல் ஸ்டார் வார்ஸ் உரிமம் பெற்று, சினிமா சார்ந்த பொம்மைகளை லெகோ விற்கத் தொடங்கியது. ஆனால் 2003, 2004 ஆண்டுகளில் நிறுவனம் கடும் நஷ்டத்தில் சிக்கியது.

அந்த நெருக்கடி நேரத்தில், லெகோவின் வீடியோ கேம் பிரிவில் இருந்தவர்கள் வெளியே வந்து ஜயன்ட் இன்டராக்டிவ் என்ற பெயரில் ஒரு சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் நட்ஸ்ஃபோர்டில் இருந்த டிராவலர்ஸ் டேல்ஸ் ஸ்டூடியோவுடன் சேர்ந்து அவர்கள் கொண்டுவந்த கேம்தான் 2005-ல் வெளியான லெகோ ஸ்டார் வார்ஸ்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஸ்டார் வார்ஸின் மூன்றாம் பாகப் படம் தியேட்டருக்கு வந்தது அந்த ஆண்டு மே மாதம். கேம் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. அதாவது, அனகின் எப்படி வேடராக மாறினான் என்பதை பலர் முதலில் பார்த்தது பொம்மை வடிவத்தில்தான்!

பின்னர் இரண்டு நிறுவனங்களும் டிடி கேம்ஸ் என்ற பெயரில் ஒன்றாகின. 2007-ல் வார்னர் பிரதர்ஸ் அதை வாங்கியது. அதன் பிறகு இண்டியானா ஜோன்ஸ், பேட்மேன், ஹாரி பாட்டர், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ், மார்வெல், ஜுராசிக் வேர்ல்ட் என்று ஹாலிவுட்டின் பெரிய பெயர்கள் வரிசையாக லெகோ பொம்மையாக மாறின.

அப்படி என்ன ஸ்பெஷல்?

முதல் விஷயம், இதில் "கேம் ஓவர்" கிடையாது. உங்கள் கேரக்டர் பள்ளத்தில் விழுந்தால் துண்டு துண்டாகச் சிதறும். அடுத்த நொடி அதே இடத்தில் மறுபடி எழுந்து நிற்கும். சேர்த்து வைத்த ஸ்டட் எனப்படும் நாணயங்களில் கொஞ்சம் சிதறிப்போகும். தண்டனை அவ்வளவுதான். சட்டென்று ஓடிப்போய்ப் பொறுக்கினால் அதிலும் பாதி திரும்பக் கிடைத்துவிடும்.

இரண்டாவது, எப்போது வேண்டுமானாலும் ஆள் சேரலாம், விலகலாம். அப்பா தனியாக விளையாடிக்கொண்டிருக்கும்போது மகள் வந்து இரண்டாவது கன்ட்ரோலரில் பட்டனை அழுத்தினால் போதும், அவளும் உள்ளே வந்துவிடுவாள். நடுவில் அவள் எழுந்து போனாலும் ஆட்டம் நிற்காது. விட்ட இடத்தில் கம்ப்யூட்டர் அந்தக் கேரக்டரைக் கூட்டிக்கொண்டு வரும்.

மூன்றாவது, உடைப்பது. திரையில் லெகோ கட்டையால் ஆன எதையும் அடித்து நொறுக்கலாம். திட்ட ஆள் இல்லை. நொறுங்கிய கட்டைகளில் சில துள்ளிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்தால் அவை சேர்ந்து ஒரு பாலமாகவோ ஏணியாகவோ மாறும். உடைத்ததை வைத்தே வழியை உருவாக்க வேண்டும்.

நான்காவது, பேச்சு இல்லை. ஆரம்பகால கேம்களில் எல்லாக் கேரக்டர்களும் முனகும், தோளைக் குலுக்கும், கண்ணை உருட்டும். ஊமைப்பட நகைச்சுவைதான். எந்த மொழிக் குழந்தைக்கும் சப்டைட்டில் தேவைப்படவில்லை.

"ரொம்ப ஈஸியா இருக்கே?" என்ற புகார் சரியா?

முதல் கேம் வந்தபோதே விமர்சகர்கள் சிலர் இதைத்தான் சொன்னார்கள். சாகவே முடியாத கேமில் என்ன சவால் இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த கேம்களில் சவால் இரண்டு அடுக்காக இருக்கிறது. கதையை முடிப்பது யாராலும் முடியும். முழுசாக முடிப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு லெவலிலும் ஒளித்து வைத்த மினிகிட் துண்டுகளைத் தேட வேண்டும். குறிப்பிட்ட அளவு நாணயம் சேர்த்தால்தான் "ட்ரூ ஜெடாய்" பட்டம். அங்கே ஒருமுறை விழுந்தாலும் வலிக்கும், ஏனென்றால் நாணயம் போகிறது.

முதல்முறை போகும்போது சில கதவுகள் திறக்காது. கதையை முடித்துவிட்டு, வேறு கேரக்டர்களுடன் திரும்பி வந்தால் திறக்கும். இதற்கு "ஃப்ரீ ப்ளே" என்று பெயர். இதனால் ஒரே சோபாவில் உட்கார்ந்து, குழந்தை உடைத்து விளையாடுகிறது, பெரியவர் ரகசியம் தேடுகிறார். இருவருக்கும் ஒரே கேம், ஆனால் ஆட்டம் வேறு வேறு. லெகோ கேம்களின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. முதல் சில கேம்களில் இரண்டு பேரும் ஒரே கேமராவுக்குள் இருக்க வேண்டும். ஒருவர் முன்னே போக, இன்னொருவர் பின்னே நிற்க, இழுபறிதான். இதனால் வீட்டில் சண்டை வந்தால் ஆச்சரியமில்லை. 2009-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் 2 கேமில்தான், விலகும்போது திரை தானாக இரண்டாகப் பிரிந்து, சேரும்போது ஒன்றாகும் வசதி வந்தது.

எந்தெந்த கேம்கள் ஹிட்?

ஸ்டார் வார்ஸ் 1, 2 பாகங்களைச் சேர்த்து 2007-ல் வந்த "தி கம்ப்ளீட் சாகா" இன்றைக்கும் நல்ல தொடக்கம். ஆறு படங்களும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. கிராஃபிக்ஸ் பழசு, ஆனால் நகைச்சுவை பழசாகவில்லை.

2010-ல் வந்த "ஹாரி பாட்டர்: இயர்ஸ் 1-4" இந்த வரிசையின் மிக அழகான வேலைகளில் ஒன்று. ஹாக்வார்ட்ஸ் பள்ளியே அங்கே விளையாட்டு மைதானம். வகுப்பில் ஒரு மந்திரம் கற்றுக்கொண்டால், நேற்று திறக்காத கதவு இன்று திறக்கும். ஹாரியோடு சேர்ந்து விளையாடுபவரும் அந்தப் பள்ளியில் படிக்கிறார் என்ற உணர்வு வருகிறது. படக்கதையும் விளையாட்டு விதியும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய லெகோ கேம் வேறு இல்லை.

2013-ல் வந்த "மார்வெல் சூப்பர் ஹீரோஸ்" எந்தப் படத்தையும் நேரடியாகத் தழுவவில்லை. சொந்தக் கதை. மன்ஹாட்டன் நகரம் முழுக்கப் பறந்து திரியலாம், ஹல்க்காக மாறி கார்களைத் தூக்கி வீசலாம். பொம்மைப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் கொட்டிய மாதிரி ஒரு சந்தோஷம்.

சறுக்கியது எங்கே?

2012-ல் லெகோ கேரக்டர்கள் பேசத் தொடங்கின. "பேட்மேன் 2" தான் முழு வசனத்துடன் வந்த முதல் கேம். இதில் பிரச்சினை இல்லை. ஏனென்றால் அந்த வசனங்கள் பொம்மைகளுக்காகவே எழுதப்பட்டவை. சூப்பர்மேன் வந்தாலே எரிச்சலாகும் பேட்மேன் செம காமெடி. சூப்பர்மேன் பறக்கும்போது ஜான் வில்லியம்ஸின் பழைய சினிமா இசை ஒலிப்பது கூடுதல் போனஸ்.

அதே ஆண்டு வந்த "லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" வேறு பாதையில் போனது. படத்தில் நடிகர்கள் பேசிய ஆடியோவையே எடுத்து பொம்மைகளின் வாயில் வைத்தார்கள். ஹாபிட்டனில் இருந்து மோர்டார் வரை நடந்தே போகலாம் என்பது பிரமிப்புதான். ஆனால் குரல் கண்ணீர் விடுகிறது, உடல் காமெடி செய்கிறது. சில இடங்களில் இரண்டும் ஒட்டவில்லை.

"தி ஹாபிட்", "ஜுராசிக் வேர்ல்ட்", "மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்" ஆகியவற்றிலும் இதே பாணி தொடர்ந்தது. வேறு வேறு படங்களில் இருந்து வெட்டி எடுத்த ஆடியோ என்பதால், ஒரே உரையாடலுக்குள் சத்தம் ஏறி இறங்கும். முன்பு போட்டோவை நீட்டி சிரிக்க வைத்த கை, இப்போது வசனத்துக்கு வாயசைத்துக்கொண்டிருந்தது.

"தி ஹாபிட்" கேமுக்கு இன்னொரு சோகமும் நேர்ந்தது. மூன்று படங்களில் முதல் இரண்டின் கதையுடன் 2014-ல் அது வெளியானது. மூன்றாவது படத்துக்கான பகுதி வரவே இல்லை. கதை பாதியில் நிற்கிறது.

ஸ்கைவாக்கர் சாகா: பெருசா, நல்லதா?

2022 ஏப்ரலில் வந்த "தி ஸ்கைவாக்கர் சாகா" இந்த வரிசையின் பிரம்மாண்டம். ஒன்பது படங்கள், 45 லெவல்கள், 20-க்கும் மேற்பட்ட கிரகங்கள், முன்னூறுக்கும் அதிகமான கேரக்டர்கள். கேமரா தோளுக்குப் பின்னால் வந்தது, சண்டை முறை மாறியது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

ஆனால் ஒரு படத்துக்கு ஐந்து லெவல் மட்டுமே என்பதால் கதை ஓட்டமாக ஓடுகிறது. மிச்ச நேரமெல்லாம் கிரகங்களில் சுற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைபர் கட்டைகளைத் தேடுவதில் போகிறது. முதல் சில மணி நேரம் ஆசையாக இருக்கும். பிறகு செய்து முடிக்க வேண்டிய வேலைப் பட்டியல் மாதிரி ஆகிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பேச்சை நிறுத்திவிட்டு, பழையபடி முனகலுக்கு மாற்றும் வசதியையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் எதை மிஸ் செய்கிறார்கள் என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

இந்தப் பிரம்மாண்டத்துக்கு ஒரு விலையும் இருந்தது. கேம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 ஜனவரியில், அமெரிக்காவின் பாலிகன் இணைய இதழ் ஒரு விரிவான செய்தி வெளியிட்டது. நீண்ட நேர கூடுதல் வேலை, புதிய மென்பொருளுடன் மல்லுக்கட்டு என்று ஸ்டூடியோவின் முன்னாள், இந்நாள் ஊழியர்கள் பலர் அதில் மனம் திறந்திருந்தார்கள். 2020-ல் வந்திருக்க வேண்டிய கேம் பலமுறை தள்ளிப்போனது. குழந்தைகள் சிரிக்க ஒரு பொம்மை செய்பவர்கள், வீட்டுக்குப் போக நேரமில்லாமல் உழைத்தார்கள் என்பது சாதாரண விஷயமல்ல.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒன்று, உரிமம். இவை கடன் வாங்கிய கதைகள். ஒப்பந்தம் முடிந்தால் கேம் டிஜிட்டல் கடையிலிருந்து காணாமல் போகலாம். "லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்", "தி ஹாபிட்" இரண்டும் 2018 தொடக்கத்தில் அப்படி மறைந்து, பிறகு அதே ஆண்டு இறுதியில் திரும்பி வந்தன. மனசுக்குப் பிடித்த பழைய கேம் டிஸ்க் வடிவில் கிடைத்தால், அதுவே பாதுகாப்பு.

இரண்டு, திரை. சில பழைய லெகோ கேம்கள் மொபைலிலும் வந்திருக்கின்றன. தனியாக விளையாட அது போதும். ஆனால் இந்த கேம்களின் உயிர், பெரிய திரை முன்னால் இரண்டு பேர் பக்கத்தில் உட்காருவதில்தான் இருக்கிறது. ஸ்கைவாக்கர் சாகாவில்கூட இருவர் ஆட்டம் ஒரே வீட்டில், ஒரே டிவியில்தான். அந்த கேமில் ஆன்லைன் கூட்டாட்டம் கிடையாது.

மூன்று, வயது. ஆறு, ஏழு வயதுக் குழந்தையுடன் முதல்முறை உட்காருபவர்களுக்கு "தி கம்ப்ளீட் சாகா" அல்லது ஹாரி பாட்டர். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு "மார்வெல் சூப்பர் ஹீரோஸ்". ஸ்டார் வார்ஸ் பைத்தியமாக இருந்தால் மட்டும் "ஸ்கைவாக்கர் சாகா". "அவெஞ்சர்ஸ்", "தி ஹாபிட்" இரண்டும் தள்ளுபடியில் கிடைத்தால் பார்க்கலாம்.

அடுத்து என்ன?

2025 ஆகஸ்ட்டில் டிடி கேம்ஸ் புதிய கேமை அறிவித்தது. "லெகோ பேட்மேன்: லெகஸி ஆஃப் தி டார்க் நைட்" என்று பெயர். வெளியீடு 2026 என்று சொல்லப்பட்டது. பேட்மேன் படங்கள் பலவற்றில் இருந்தும் கதையை எடுத்துக்கொள்கிறார்கள். முக்கியமான மாற்றம், விளையாடக் கிடைக்கும் கேரக்டர்கள் ஏழு பேர் மட்டுமே. நூற்றுக்கணக்கில் அடுக்கியவர்கள் ஏழுக்கு இறங்கி வந்திருக்கிறார்கள்.

இது நல்ல அறிகுறி. படத்தைவிடப் பெரிதாக ஆக ஆசைப்பட்டபோதெல்லாம் இந்த கேம்கள் தடுமாறியிருக்கின்றன. தான் ஒரு பொம்மை என்பதை ஞாபகம் வைத்திருந்தபோதெல்லாம் ஜெயித்திருக்கின்றன.

பள்ளத்தில் விழுந்த குழந்தை அழாமல், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குதிக்கிறதா? அது நடந்தால் கேம் நல்ல கேம்தான். கேரக்டர் ஏழா, எழுநூறா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.