ஒரு கையளவு நீரும் ஒரு சான்றிதழும்

கிறித்தவ சமயத்தில் ஒருவரைச் சேர்க்கும் சடங்கை நெடுங்காலம் ஞானஸ்நானம் என்றோம். இப்போது திருமுழுக்கு என்ற சொல்லே மிகுதியும் வழங்குகிறது. கோயில் குடமுழுக்கை நினைவூட்டும் இச்சொல் நமக்கு உவப்பானதே. குளித்தெழுந்தவர் எதற்காக எழுகிறார் என்பதைத்தான் இரு சொற்களும் சொல்வதில்லை.

ஓசூரில் நின்று இதை யோசிப்பதற்குக் காரணம் உண்டு. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். இங்கே குடியிருந்து அங்கே வேலைக்குச் செல்வோரும், அங்கிருந்து இங்குள்ள சிப்காட் ஆலைகளுக்கு வருவோரும் நாள்தோறும் கடக்கும் எல்லை அது. கர்நாடகம் 2022இல் இயற்றிய சட்டம், மதம் மாற விரும்புபவர் முப்பது நாள் முன்னதாகவே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அவ்வறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டி ஆட்சேபம் கேட்கவும் வழி செய்தது. 2023 ஜூனில் அம்மாநில அமைச்சரவை அதனை நீக்க முடிவெடுத்தது. தமிழகமும் இவ்வகையில் பின்தங்கிவிடவில்லை. 2002இல் நாமும் ஒரு தடைச் சட்டம் கண்டோம், 2004இல் அது விலக்கப்பட்டது.

ஆனால் எல்லைக்கு இருபுறமும் ஒன்றுபோலவே செல்லுபடியாகும் ஆணை ஒன்றுண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து அல்லாதார் பட்டியல் சாதியினர் ஆக முடியாது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ ஓசூருக்கு வேலைக்கு வரும் பழங்குடிக் கிறித்தவர், தம் ஊரில் பழங்குடித் தகுதியை இழப்பதில்லை. அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தலித் கிறித்தவர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். தமிழகம் அவரைப் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் வைக்கிறது. சேரியும் சுடுகாடும் மட்டும் இடம் மாறுவதில்லை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டவர் அவர். கைக்குழந்தையாக அவர் பெற்ற திருமுழுக்கும், தேவாலயத்துக்குத் தொடர்ந்து சென்று வந்ததும் அவருக்கெதிரான சான்றுகளாயின. உண்மையான நம்பிக்கையின்றி, இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கூறிக்கொள்வதை ஏற்க இயலாது என்பது நீதிமன்றத்தின் நிலை. சட்டத்தின் தர்க்கம் விளங்குகிறது. நம்மை உறுத்துவது வேறு. தன் நினைவுக்கே வராத ஒரு காலைப்பொழுதில் நெற்றியில் விழுந்த நீர், முப்பதாண்டு கழித்து ஒருத்தியின் வேலை விண்ணப்பத்தின் மீது வந்து விழுகிறது.

இவ்விடத்தில் அரசை மட்டும் குறை சொல்வது எளிது. திருச்சபையிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. யோர்தானில் முழுகி எழுந்த பிறகே இயேசுவின் பொதுவாழ்வு தொடங்குகிறது என்பது நற்செய்தி நூல்களின் வரிசை. முழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் கிறித்துவின் பணியில் பங்காளி என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வலியுறுத்தியது. கோட்பாட்டளவில் திருமுழுக்கு உறுப்பினர் அட்டை அன்று, வேலைக்கான நியமனம். நடைமுறையிலோ அது பள்ளிச் சேர்க்கைக்கும் திருமணத்துக்கும் எடுத்து நீட்டும் பதிவேட்டுப் பக்கமாகிவிட்டது. அரசு அதைக் காகிதமாகப் பார்ப்பதில் வியப்பென்ன?

பணி என்றதும் பள்ளியும் மருத்துவமனையும் கண்முன் வருகின்றன. அவற்றின் அருமையை மறுக்கவில்லை. எனினும் அப்பணிக்கு முதல் உரிமையாளர் யார்? உள்ளே வந்ததனாலேயே ஒன்றை இழந்தவர் அல்லவா? சலுகை போய்விடுமென்று அஞ்சி, நம்பிக்கை இருந்தும் முழுக்குப் பெறாது வாசலில் நிற்பவரை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. பெற்றவருக்கு உள்ளே என்ன கிடைத்தது என்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். தமக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. அது தில்லிக்குச் சொன்ன செய்தி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான மறைமாவட்டம் 1997இல் உருவானது. அதன் கல்விக்கூடங்களிலும் சரி, பிற சபையினர் நடத்தும் நிறுவனங்களிலும் சரி, தலித் கிறித்தவருக்கு எத்தனை இடம், எத்தனை ஆசிரியர் பணி, எத்தனை நிருவாகப் பொறுப்பு என்று ஆண்டுதோறும் வெளிப்படையாகக் கணக்கு வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அதற்குத் தில்லியின் அனுமதி வேண்டியதுமில்லை.