சாவிக்கொத்து யார் இடுப்பில்?

இருபது, முப்பது பேர் வேலை பார்க்கிற எந்த ஆபீஸை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு ‘சிஸ்டம் தம்பி’ இருப்பார். அவர் வேலைக்குச் சேர்ந்தது என்னவோ அக்கவுண்ட்ஸுக்கோ பர்ச்சேஸுக்கோதான். எப்போதோ ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவிக் கொடுத்த பாவத்துக்காக, அன்றிலிருந்து கம்பெனியின் கம்ப்யூட்டர் இலாகா முழுவதும் அவர் தலையில். சம்பளம் மட்டும் பழைய இலாகாவிலேயே நிற்கும். “தம்பி, வைஃபை வரலியே!” என்று எம்.டி. குரல் கொடுத்தால், பேங்க் ஸ்டேட்மென்ட்டை அப்படியே போட்டுவிட்டு ஸ்டூலைத் தேடி ஓட வேண்டும். நம்மூர் ஆபீஸ்களில் ரவுட்டர் எப்போதும் எட்டாத உயரத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

இந்த வாரம் அவருக்காக.

இப்போதெல்லாம் டை கட்டிய ஒருவர் வந்து எம்.டி.யிடம், “க்ளவுட் மேனேஜ்டு ஸார்! ஃபயர்வால், ஸ்விட்ச், வைஃபை எல்லாத்தையும் நீங்க மொபைல்லயே பார்த்துக்கலாம்” என்கிறார். எம்.டி.க்கு மொபைலில் எது வந்தாலும் பிடிக்கும். “தம்பி, இதைப் பார்த்து ஒரு முடிவு சொல்லு” என்று நாலு பக்கக் கொட்டேஷன் தம்பியின் மேஜைக்கு வந்துவிடும். நாளைக்கு ஏதாவது ஆனால், “நீதானே சொன்னே?” என்பதும் அவருக்கேதான் வரும்.

விஷயம் என்ன? வழக்கமான ரவுட்டரிலோ ஸ்விட்ச்சிலோ எதையாவது மாற்ற வேண்டுமானால், லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் செருகி, 192.168 என்று ஆரம்பிக்கிற நம்பரைத் தட்டி, பாஸ்வேர்ட் மறந்துபோய், குண்டூசியால் ரீசெட் பட்டனைக் குத்தி... இந்த வைபவம் பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நடக்கும். க்ளவுட் முறையில் பெட்டிக்குக் கரண்ட்டும் இன்டர்நெட்டும் கிடைத்தவுடன், அதைத் தயாரித்த கம்பெனியின் சர்வரைத் தானே தேடிப்போய், “நான் இன்ன சீரியல் நம்பர். எனக்கு என்ன உத்தரவு?” என்று கேட்கும். நீங்கள் முன்கூட்டியே அங்கே எழுதி வைத்த உத்தரவுகளை இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடும். ஓசூர் கிளைக்குப் பெட்டியைக் கூரியரில் அனுப்பினால் போதும், அங்கே இருக்கிற வாட்ச்மேன்கூடச் செருகிவிடலாம். பெட்டி உள்ளேயிருந்து வெளியே பேசுவதால் தனி ஐ.பி. முகவரியும் தேவையில்லை, வெளியாள் உள்ளே வர வாசலைத் திறந்து வைக்கவும் வேண்டாம்.

இதைக் கேட்டதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: “அப்ப நம்ம டாலி ஃபைலெல்லாம் அமெரிக்கா போயிட்டு வருமா ஸார்?” வராது. அண்ணா சாலை சிக்னலில் நிற்கிற போலீஸ்காரருக்கு கண்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கி டாக்கியில் உத்தரவு வருகிறது. அதற்காக லாரியெல்லாம் கண்ட்ரோல் ரூமுக்குள் புகுந்தா போகிறது? அதுபோலத்தான். மேகத்துக்குப் போவது உத்தரவுகளும் கணக்கு வழக்கும் மட்டும். உங்கள் ஃபைல்கள் பழையபடி ஆபீஸுக்குள்ளேயே ஓடும். இன்டர்நெட் அறுந்துபோனாலும் போலீஸ்காரர் கடைசியாகக் கேட்ட உத்தரவுப்படி கை காட்டிக்கொண்டிருப்பார். பிரிண்டர் ஓடும், டாலி ஓடும். புதிதாக எதையும் மாற்ற முடியாது, அவ்வளவே. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: விருந்தாளிகளுக்கான லாகின் பக்கம் மேகத்தில் இருந்தால் அதுவும் இன்டர்நெட்டோடு படுத்துவிடும்.

ஊழியர்களுக்கு ஒரு கிசுகிசு. இந்த ஏற்பாட்டில் எம்.டி. குற்றாலத்தில் தலை துவட்டிக்கொண்டே, எந்த போன், எந்த லேப்டாப், எந்த சைட்டில் எவ்வளவு எம்.பி. செலவழித்தது என்று பார்க்க முடியும். போனுக்கு ‘வேட்டையன்’ என்று பெயர் வைத்திருந்தால் பட்டியலிலும் வேட்டையன் என்றே வரலாம். ஆனால் பூட்டுக்குறி போட்ட சைட்டுகளில் உள்ளே என்ன பார்த்தீர்கள் என்பதை இந்தச் சாதாரணக் கணக்கு சொல்லாது. மேட்ரிமோனியல் சைட்டுக்குப் போனது தெரியும். எந்தப் பெண்ணின் ஜாதகத்தைப் பார்த்தீர்கள் என்பது தெரியாது. ஆபீஸ் லேப்டாப்பில் தனியாக ஏதாவது கண்காணிப்பு சாஃப்ட்வேர் போட்டிருந்தால் கதை வேறு.

சரி, கொட்டேஷனுக்கு வருவோம். சேல்ஸ்மேன் ஆண்டெனா எத்தனை, வேகம் எத்தனை என்று அடுக்குவார். கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் முப்பது பேர் ஆபீஸுக்கு இன்றைக்குக் கிடைக்கிற எந்த உருப்படியான பெட்டியின் வேகமும் போதும். நான் கேட்கச் சொல்வது வேறு. கூட்டுக் குடும்பத்தில் பெரிய மாமியார் பீரோ சாவியை இடுப்பில் செருகியிருப்பாரே, அந்தக் கேள்வி. பெட்டி நம்முடையது, சாவிக்கொத்து யாருடையது? சந்தா கட்டாத அன்று இந்தப் பெட்டி என்ன செய்யும்?

இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. இந்தத் தொழிலில் முன்னோடி மெராக்கி. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் கேம்பிரிட்ஜ் நகரத்து வீடுகளின் கூரைகளில் ஆண்டெனா வைத்து ஊருக்கே கம்பியில்லா வலை பின்னிய ‘ரூஃப்நெட்’ என்ற ஆராய்ச்சியிலிருந்து 2006-ல் பிறந்தது. மொட்டைமாடியில் வடாம் காயப்போடுவதோடு நாம் திருப்தியடைந்துவிட்டோம். 2012-ல் சிஸ்கோ அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. அருமையான சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் அதில் காலங்காலமாக இருந்துவரும் லைசென்ஸ் முறையில், கெடு முடிந்து 30 நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். அப்புறமும் புதுப்பிக்கவில்லை என்றால் பெட்டி டேட்டாவைக் கடத்துவதையே நிறுத்திவிடும். மாற்றங்கள் செய்ய முடியாது என்பதல்ல, வலையே நின்றுவிடும். லட்சம் கொடுத்து வாங்கிய பெட்டி பேப்பர் வெயிட் ஆகிவிடும். வேறு லைசென்ஸ் முறைகளும் இருக்கின்றன. நமக்குத் தருவது எது, கெடு தாண்டினால் என்ன நடக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம் யுபிக்விட்டியின் யூனிஃபை, டி.பி.-லிங்க்கின் ஒமாடா. இவற்றின் கண்ட்ரோலர் சாஃப்ட்வேரை வருஷ சந்தா இல்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாம், அல்லது அதற்கென்று விற்கிற சின்னப் பெட்டியை வாங்கி மாட்டலாம். வெளியிலிருந்து பார்க்க மேகமும் உண்டு, வேண்டாமென்றால் விட்டுவிடலாம். சாவி நம் இடுப்பில். எச்.பி.ஈ.யின் இன்ஸ்டன்ட் ஆன் மேகத்திலேயே இருந்தாலும் லைசென்ஸ் கட்டணம் கேட்பதில்லை. ஸைக்ஸெலின் நெபுலாவில் இலவசப் படியும் உண்டு, காசுப் படியும் உண்டு. அதன் பெட்டிகளில் பலவற்றை மேகம் இல்லாமல் தனியாகவும் ஓட்டலாம்.

“அப்ப சந்தா கட்டறவன் எல்லாம் முட்டாளா?” என்று கேட்கக் கூடாது. கணக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, பெட்டிக்கு வருஷம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பெட்டி, ஐந்து வருஷம் என்றால் 2,40,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 43,200. (“அது கிரெடிட்ல வந்துடும்” என்பார் ஆடிட்டர்.) பெட்டியின் விலை தனி. ஒரே மாடியில் இருக்கிற ஒரே ஆபீஸுக்கு இது அநியாயம். ஆனால் எட்டு ஊரில் எட்டு ஷோரூம், எங்கேயும் விவரம் தெரிந்த ஆள் கிடையாது என்றால், இதே கணக்கு ஒரு எஞ்சினியரின் சம்பளத்துக்கு முன்னால் கொசு. திருநெல்வேலி ஷோரூமில் கேபிள் கழன்றிருப்பதைச் சென்னையில் இருந்துகொண்டே கண்டுபிடித்து, “அந்த மூணாவது ஒயரை அழுத்தும்மா” என்று போனில் சொல்ல முடிவது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை.

மேகத்துக்கு ஆதரவாக எனக்குப் படுகிற பெரிய வாதம் வேறொன்று. திருட்டு வழிகளை அடைக்கிற புது ஃபர்ம்வேர் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக இறங்கிவிடும். நாமே பராமரிக்கிற பெட்டிகளின் லட்சணம் தெரியாதா? மாட்டின நாளில் போட்டதுதான். பாஸ்வேர்ட் இன்னும் ‘அட்மின்’.

அதற்காக மேகத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கோவில் கட்டவும் வேண்டாம். 2012-ல் சிஸ்கோ தன் லிங்க்சிஸ் ரவுட்டர்கள் சிலவற்றில், வாங்கியவரைக் கேட்காமலே புது சாஃப்ட்வேரை இறக்கியது. மறுநாள் சொந்த ரவுட்டருக்குள் நுழையப் போனால், “மேகத்தில் அக்கவுண்ட் திறந்துவிட்டு வா” என்றது. ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகுதான் கம்பெனி இறங்கி வந்தது. 2017 ஆகஸ்ட்டில் மெராக்கியின் எஞ்சினியர்கள் செய்த ஒரு மாற்றத்தால், வாடிக்கையாளர்கள் ஏற்றி வைத்திருந்த மாடி வரைபடங்கள், லாகின் பக்க அலங்காரங்கள் போன்றவை அவர்கள் மேகத்திலேயே அழிந்தன. வலை என்னவோ நிற்கவில்லை. 2023 டிசம்பரில் யுபிக்விட்டியின் மேகத்தில் இலை மாறிவிட்டது! 1,216 அக்கவுண்ட்களின் விவரங்கள் சம்பந்தமில்லாத 1,177 அக்கவுண்ட்களோடு கலந்துபோக, சிலருக்கு அடுத்தவர் வீட்டு காமிராவிலிருந்து படமும் அறிவிப்பும் வந்தன. சாவி நம் இடுப்பில் என்று மேலே நான் சொன்ன அதே கம்பெனிதான். மேகத்தின் வழியாகவும் பார்க்கலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்ததால் வந்தது.

கம்பெனிக்கே அலுத்துப்போகிற நாளும் வரும். கூகிள் 2015-ல் கொண்டுவந்த ஆன்ஹப் ரவுட்டரை 2023 ஜனவரியில் கைகழுவியது. வைஃபை வரும், ஆனால் ஆப்பில் எதையும் மாற்ற முடியாது. பாஸ்வேர்ட் மாற்றக்கூட வழியில்லாத ரவுட்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? அது வீட்டுச் சரக்கு என்றாலும் ஆபீஸ் சரக்குக்கும் ஆயுள் தேதி உண்டு. ‘இந்த மாடலுக்கு எந்த வருஷம் வரை சப்போர்ட்?’ என்று கேட்டால் நல்ல சேல்ஸ்மேன் தேதியோடு வருவார்.

இப்போது தம்பியைப் பாதிக்கிற நிஜமான ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில், பெட்டிகளை மாட்டிவிட்டுப் போன வெண்டரின் ஆள் எல்லாவற்றையும் தன் சொந்த ஈ-மெயிலில் பதிவு செய்திருந்தான். வேண்டுமென்று செய்ததில்லை, சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகிற அவசரம். பிறகு ஏ.எம்.சி. தகராறில் வெண்டரை மாற்றினார்கள். புதியவர் வந்து ரீசெட் செய்து பார்த்தார். ஊஹும். பெட்டி மறுபடி மேகத்துக்குப் போய், “என் ஓனர் அவர்” என்று பழைய ஆளைக் கை காட்டியது. சீரியல் நம்பர் ஒருவர் பெயரில் இருக்கும்வரை இன்னொருவர் சேர்த்துக்கொள்ள முடியாது. திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான், ஓனரையே திருடனாக்கிவிட்டது. பில்லைத் தேடி எடுத்து, தயாரித்த கம்பெனிக்கு நடையாக நடந்து (ஈ-மெயிலில்தான்) விடுவித்தார்கள். அதுவரை “நீதானே கூட இருந்தே?” என்று திட்டு வாங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இதே காரணத்தால், செகண்ட் ஹாண்டில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று இந்த ரகப் பெட்டிகளை வாங்குமுன் பழைய சொந்தக்காரர் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாரா என்று பார்த்துவிடுங்கள்.

சட்ட விஷயம் ஒன்றும் உண்டு, சேல்ஸ்மேன் வாயைத் திறக்க மாட்டார். 2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் தங்கள் சிஸ்டங்களின் பதிவுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மேகம் எத்தனை நாள் பதிவை வைத்திருக்கும், அதற்குத் தனிக் காசா, நம் கம்ப்யூட்டருக்கும் ஒரு காப்பி அனுப்புமா என்பதையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

ஆகவே தம்பி, ஒரே கட்டடம், கொஞ்சம் கை வேலை தெரியும் என்றால் லைசென்ஸ் இல்லாத ரகம் போதும். கண்ட்ரோலரின் பேக்கப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கிளைகள் நாலைந்தைத் தாண்டினால் சந்தா ரகத்தைக் கேளுங்கள், ஐந்து வருஷ விலையையும் சேர்த்துக் கேளுங்கள். அக்கவுண்ட்டைக் கம்பெனி பெயரிலுள்ள ஈ-மெயிலில் திறந்து, உங்களோடு இன்னொருவரையும் அட்மின் ஆக்கி, இருவர் போனிலும் ஓ.டி.பி. வருகிற மாதிரி செய்யுங்கள். வெண்டரின் ஆளுக்குத் தனி லாகின் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். லைசென்ஸ் முடிகிற தேதியை அக்கவுண்ட்ஸ் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் 60 நாள் முன்னதாகவே சிவப்பு மையில் குறித்து, பக்கத்தில் எம்.டி.யிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.